ராக்குவின் வலப்பக்கத்துப் பல்

பாசி எடுக்கப் போகிற பெண்கள் கடலில் இறங்குவதற்கு முன்னால் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள். பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு விரலுக்கும் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாமல் இறங்கினால் பாரில் உரசி விரல் கிழிந்துபோகும். பார் என்பது கடலுக்கு அடியில் கிடக்கிற கல். அதில்தான் மரிக்கொழுந்துப் பாசி ஒட்டி வளரும். இடது கை விரல்களுக்கு வலது கை கட்டிவிடும். வலது கை விரல்களுக்கு யார் கட்டுவது? நாடாவின் ஒரு நுனியை இடது கை பிடித்துக்கொள்ள, மறு நுனியைப் பல்தான் கடித்து இழுக்கும். அதனால் பாசிக்காரிக்குப் பல் என்றால் சோறு மெல்ல மட்டும் இல்லை, தொழிலுக்கும் அதுதான்.

ராக்குவுக்கு அந்தப் பல்லில்தான் கோளாறு.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. புதுமடத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டின குடியிருப்பில் இருந்தாள். புருஷன் தங்கசாமி கேரளாவுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் மாமியார் மீனம்மாளும்தான். இடப்பக்கக் கடைவாயில் இரண்டு பல்லை முன்பே பிடுங்கியாகிவிட்டது. வலித்தால் பிடுங்குவது, வேறு என்ன வழி தெரியும்? மிச்சம் இருந்தது வலப்பக்கம். அந்தப் பக்கத்திலும் ஒரு பல்லில் குழி விழுந்து, நாக்கு நுனி போய்ப் போய் அதையே தடவிக்கொண்டிருந்தது.

கரையில் இருக்கும்போது பெரிதாகத் தெரியாது. கடலில்தான் அது தன் வேலையைக் காட்டும். முங்கி எழுந்து, ஆவென்று வாயைத் திறந்து மூச்சை இழுக்கும்போது, காற்று அந்தக் குழியில் ஊசி ஏற்றின மாதிரி ஏறும். கன்னத்தைப் பொத்திக்கொண்டு, தாங்கள் வந்த படகான வல்லத்தைப் பிடித்தபடி மிதப்பாள். அதற்குள் மற்றவர்கள் அடுத்த முங்கு போட்டு ஒரு கைப்பிடி பாசியோடு எழுந்துவிடுவார்கள். நாடாவைக் கடித்து இழுக்கவும் முடியவில்லை. பூமயில்தான் கட்டிவிடுவாள். பூமயில் ராக்குவுக்கு மதினி முறை. தினமும் ஒரே வல்லத்தில் சேர்ந்து போகிறவள்.

“நீட்டு கையை. பால்குடிப் புள்ளைக்குக் கட்டுற மாதிரி தினம் கட்ட வேண்டியிருக்கு. தொட்டிலும் ஆட்டணுமா?”

“உன் வாயில ஒருக்கா வரட்டும் மதினி, அப்பத் தெரியும்.”

“எனக்கு ஏன்டி வருது? நான் யாரை என்ன பேசினேன்?”

வல்லத்தில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஊரில் பூமயில் வாய்க்குத் தப்பினவர் யாரும் இல்லை.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து கூத்தையா சைக்கிளில் வருவார். பல்லுப்பூச்சி எடுக்கிறவர். ஒரு வட்டிலில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பழுக்கக் காய்ச்சின இரும்பு வில்லையை ஒரு கல் மேல் வைப்பார். வில்லை மேல் கண்டங்கத்தரி விதையைப் போட்டு எண்ணெய் விடுவார். புகை எழும்பும்போது ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியால் மூடி, ஓட்டையில் பப்பாளித் தண்டைச் செருகுவார். அந்தத் தண்டு வழியாக வருகிற புகையை வாயில் வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணில் நீர் கொட்டும், எச்சில் ஊறும். பிறகு கொட்டாங்கச்சியை எடுத்தால், வட்டில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூச்சிகள் மிதக்கும். பார்க்கிறவர்களுக்கெல்லாம் உடம்பு கூசும். ராக்குவுக்கு ஒவ்வொரு தடவையும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் அடங்கி, வலி திரும்பி வந்தது.

“முட்டை விட்டிருக்கும், ஆத்தா” என்பார் கூத்தையா. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் அய்யா செய்ததைப் பார்த்துச் செய்தார், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் மீன் ஏலக் கொட்டகையில் பல் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று தண்டோரா மாதிரிச் செய்தி பரவியது. கீழக்கரைக்காரப் பெண், பெயர் சித்தி ஜுனைதா. மதுரையில் படித்துவிட்டு வந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் குடியிருப்புகளுக்கு வந்துபோகிற ஒரு சங்கத்தோடு சேர்ந்திருந்தாள். கூட தாஜுன்னிசா என்று ஒரு நர்ஸ்.

ராக்கு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். பிடுங்குகிறார்களா என்று பார்த்தாள். யாரும் அலறவில்லை. சுழலுகிற நாற்காலி இல்லை, கரண்டில் ஓடுகிற மிஷின் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் டாக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஒரு டப்பாவில் கண்ணாடி, சின்னச் சின்னக் கரண்டி, பஞ்சு. அவ்வளவுதான்.

“வாங்கக்கா, படுங்க.”

“பிடுங்க மாட்டியளே?”

“பிடுங்குறதுக்கு நான் வரலை. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் வந்தேன். ஊசியும் கிடையாது.”

ராக்கு படுத்தாள். டாக்டர் “பிஸ்மில்லாஹ்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கண்ணாடியை உள்ளே விட்டாள். வெளிச்சத்துக்கு தாஜுன்னிசா டார்ச்சைப் பிடித்தாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பஞ்சை வைத்து எச்சிலை ஒதுக்கினார்கள். பிறகு அந்தச் சின்னக் கரண்டி குழிக்குள் இறங்கியது. சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு முறையும் பஞ்சில் துடைத்தாள். வலிக்கும் வலிக்கும் என்று ராக்கு பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒருமுறை சுரீர் என்றது, அதோடு சரி.

டாக்டர் கரண்டியை மாற்றுகிற நேரம் பார்த்து ராக்கு கேட்டாள். “பூச்சி வந்துருச்சா, டாக்டரம்மா?”

“பூச்சியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வாயைத் திறங்க.”

வெளியே வரிசை நீண்டு கிடந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. டாக்டர் பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டாள். தாஜுன்னிசா ஒரு தாளின் மேல் வெள்ளைப் பொடியும் துளி நீரும் விட்டுக் குழைத்துக் கொடுத்தாள். அதைக் குழியில் வைத்து, விரலில் வாசலின் தடவிக்கொண்டு டாக்டர் அழுத்திப் பிடித்தாள். ஒரு கேணி தூர்ந்த மாதிரிக் குழி மறைந்தது.

“ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாதீங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் கடிக்காதீங்க. நாளைக்கு எல்லாம் கடிக்கலாம். அடுத்த மாசம் வந்து காட்டுங்க.”

ராக்கு எழுந்து வந்தாள். வாசலில் பூமயில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை, வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவள்.

“என்னடி, எடுத்தாகளா?”

“அடைச்சுட்டாக.”

“அடைச்சது கிடக்கட்டும். பூச்சியை எடுத்தாகளா? நீ பாத்தியா?”

“பூச்சி இல்லன்னாக.”

பூமயில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “அடி இவளே! கூத்தையா எடுக்கையில அத்தனை விழுந்துச்சு. இங்கன மட்டும் இல்லாம எங்க போகும்? உள்ள இருக்கிறதை வெச்சு வாசலைப் பூசிட்டாக. அது இனி எங்கன போய் வெளியேறும்? மேல மூளைக்குத்தான்!”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராக்குவும் சிரித்தாள். பூமயில் அதைச் சொன்ன மறுநிமிஷமே மறந்துபோனாள். ராக்குவால் மறக்க முடியவில்லை.

நாலைந்து நாள் நன்றாகவே போனது. முங்கி எழுந்தால் காற்று ஏறவில்லை. நாடாவையும் மெல்லக் கடித்துப் பார்த்தாள், வலிக்கவில்லை. ஆனால் அடைத்த இடம் பழக்கமில்லாத இடம் அல்லவா? பல்லைச் சேர்த்துக் கடித்தால் அதுதான் முதலில் தட்டுப்பட்டது. ஒரு குறுகுறுப்பு. தண்ணீருக்கடியில் காது அடைத்துப்போய் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற நேரத்தில், அந்தக் குறுகுறுப்பு நெளிவதுபோலத் தோன்றும். நெளிகிறதா, இல்லையா? நினைக்க நினைக்க நெளிந்தது.

வீட்டில் மீனம்மாளிடம் சொன்னாள்.

“நெளியத்தான் செய்யும்” என்றாள் மாமியார். அவளுக்கு வாயில் ஒரு பல் கிடையாது. வெற்றிலையைக் கூட இடித்துத்தான் போடுவாள். “உசுருள்ளதை அடைச்சுவெச்சா சும்மா கிடக்குமா?”

“டாக்டரம்மா இல்லன்னு சொன்னாகளே, அயித்தே.”

“காட்டினாகளா?”

காட்டவில்லை. அதுதானே விஷயம். கூத்தையா காட்டினார், டாக்டர் காட்டவில்லை. கண்ணால் பார்த்ததை நம்புவாளா, காதால் கேட்டதை நம்புவாளா? நீங்களாக இருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மத்தியானம் பாசியைக் காயப் போட்டுவிட்டு வந்து, வளையலில் தொங்கின ஊக்கைக் கழற்றினாள். ரசம் போன கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து, அடைத்த இடத்தின் ஓரத்தைக் குடைந்தாள். லேசில் அசையவில்லை. அது அப்படிக் கெட்டியாகப் பிடித்திருந்ததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. மறுநாள் மத்தியானமும் குடைந்தாள். ஓரம் பெயர்ந்தது. பிறகு ஒரு பெரிய சில்லு கழன்று நாக்கில் விழுந்தது. அதோடு பல்லின் விளிம்பும் கொஞ்சம் ஒடிந்து வந்தது. துப்பிப் பார்த்தாள். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு துண்டு. பூச்சி இல்லை.

இன்னும் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் கடலில் முதல் முங்கு முங்கி எழுந்தபோது காற்று ஏறின வேகத்தில் கண் இருட்டியது. முன்னைவிட மோசம். பூமயில் தலைமுடியைப் பிடித்து வல்லத்துக்குள் இழுத்துப் போட்டாள்.

“என்னடி பண்ணினே?”

ராக்கு வாயைத் திறந்து காட்டினாள். பூமயில் பார்த்தாள்.

“நீதான சொன்னே மதினி, உள்ள வெச்சுப் பூசிட்டாகன்னு.”

“அடிப் பாவி! நான் சொல்றதையெல்லாமா கேக்குறது? ஊரே கேக்காதேடி! நான் சும்மா வாய்க்கு வந்ததை...” பூமயில் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பல்லும் போனால் ராக்குவுக்கு இரண்டு பக்கமும் மெல்லப் பல் இல்லை. விரலுக்கு நாடா கட்டவும் முடியாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயது அப்போது முப்பதைத் தாண்டி ஓரிரண்டு இருக்கும்.

கூத்தையாவின் சைக்கிள் மணி கேட்டதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். பூமயிலும் கூடவே போனாள், குற்ற உணர்ச்சி இழுத்துக்கொண்டு போனது. வில்லை காய்ந்தது, விதை வெடித்தது, புகை ஏறியது. கொட்டாங்கச்சியை எடுத்தபோது தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்தன.

“வந்துருச்சு, ஆத்தா.”

ராக்கு மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். ஊசி அப்படியே இருந்தது.

சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீனம்மாள் வந்தாள். “கூத்தையா, எனக்கும் ஒருக்கா போடு.”

“உமக்குத்தான் பல்லே இல்லையே, ஆத்தா!”

“பல்லு இல்லாட்டி என்ன, இருந்த இடம் இருக்குல்ல? ரெண்டு நாளா ஈறு அரிக்குது. போடுங்கிறேன்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வயசானவளை மறுக்க முடியாமல் கூத்தையா வட்டிலில் புதுத் தண்ணீர் ஊற்றி, வில்லையை மறுபடி காய்ச்சி வைத்தார். மீனம்மாள் பப்பாளித் தண்டைச் சுருட்டுப் பிடிக்கிறவள்போல வாயில் வைத்து, கன்னம் குழிய இழுத்து இருமினாள். கொட்டாங்கச்சியை எடுத்தார்.

தண்ணீரில் பூச்சி. ராக்குவுக்கு விழுந்ததைவிட அதிகம்.

“பாத்தியளா!” என்று மீனம்மாள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பெருமை. “பல்லு அத்தனையும் போயும் எனக்குப் பூச்சி போகலை! எத்தனை வருசமா உள்ளயே குடியிருந்திருக்கு, பாரு!”

மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பூமயிலின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுபோனது. ராக்கு வட்டில் பக்கம் குனிந்தாள். விரலைத் தண்ணீரில் விட்டு ஒன்றை நகத்தில் எடுத்தாள். காயப் போட்ட பாசியில் நண்டுக்குஞ்சும் புழுவும் பொறுக்கிப் பொறுக்கிக் கழித்த கை அது. புழு எப்படி நசுங்கும் என்று அதற்குத் தெரியும். இது நசுங்கவில்லை. மிளகாய் விதையை உரித்தால் உள்ளே சுருண்டு இருக்குமே ஒரு முளை, அந்த மாதிரி ஒடிந்தது. முகர்ந்தாள். சுட்ட விதை வாசம்.

“அண்ணே, இது வாயிலேர்ந்து வரலை. விதையிலேர்ந்து வருது.”

கூத்தையா வாங்கிப் பார்த்தார். வெயிலில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். “எங்க அய்யா காலத்துலேர்ந்து...” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. வேறு யாருக்கும் போடாமல் வட்டிலைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ராக்கு இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பூச்சியே இல்லை என்றால், ரெண்டு நாளாக அவள் குடைந்து எடுத்தது எதை? நல்ல மருந்தை. போகிற போக்கில் தன் பல்லையும்.

அடுத்த மாதத்துப் பல் வைத்திய முகாம் வரும்வரைக்கும் அவள் கடலுக்குப் போகவில்லை. கரையில் மற்றவர்கள் கொண்டுவந்த பாசியைக் கல் மண் நீக்கி உலர்த்தினாள். குழியில் கிராம்பும் பஞ்சும் வைத்துக்கொண்டாள். பூமயில் தினமும் சாயங்காலம் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு கேலியும் பேசாமல் போனாள். அதுதான் ராக்குவுக்குப் பயமாக இருந்தது.

முகாம் அன்றைக்கு அவள்தான் வரிசையில் முதல் ஆள்.

“என்னக்கா, மருந்து எங்க?” என்றாள் ஜுனைதா.

“விழுந்துருச்சு.”

டாக்டர் கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “விழலை. யாரோ ஊக்கு விட்டுக் குடைஞ்சிருக்காங்க. கோடு கோடாத் தெரியுது.”

ராக்கு கண்ணை மூடிக்கொண்டாள். பூமயில்தான் குறுக்கே வந்தாள். “அவளை வையாதீக, டாக்டரம்மா. என் வாய் பண்ணின வேலை. பூச்சியை உள்ள வெச்சுப் பூசிட்டாகன்னு நான்தான் சொன்னேன்.”

டாக்டர் வையவில்லை. கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு நீங்க பூச்சி வந்துருச்சான்னு கேட்டீங்கல்லக்கா?”

“ஆமா.”

“நான் எடுத்ததை உங்களுக்குக் காட்டியிருக்கணும். அவசரத்துல கூடையில போட்டுட்டேன்.” டப்பாவிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு சொன்னாள்: “இப்ப விஷயம் என்னன்னா, ஆழம் கூடிப்போயிருக்கு. சொத்தையைச் சுரண்டிக்கிட்டே போவேன். அடியில கெட்டியாப் பல்லு தட்டுச்சுன்னா அடைச்சுடலாம். நரம்பு வரைக்கும் போயிருந்தா என்கிட்ட இருக்கிற மருந்து செல்லாது. எடுக்கத்தான் வேணும். சரியா?”

ராக்கு தலையாட்டினாள்.

பஞ்சு வைத்தார்கள். கரண்டி இறங்கியது. இந்தத் தடவை ஒவ்வொரு சுரண்டலையும் டாக்டர் வெள்ளைத் துணியில் தடவி ராக்குவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பழுப்பு நிறத்தில் ஈரமான மாவு. அழுகின தென்னை மட்டையைச் சுரண்டினால் வருமே, அப்படி. “இதுதான் சொத்தை. பூச்சி மாதிரித் தின்னும், ஆனா பூச்சி இல்ல. இனிப்பும் அழுக்கும் சேர்ந்து பல்லை இப்படி ஆக்கிடுது.”

ராக்கு துணியைப் பார்த்ததைவிடச் சத்தத்தைத்தான் கேட்டாள். தன் பல்லைச் சுரண்டுகிற சத்தம் தன் மண்டைக்குள்தான் கேட்கும், வெளியே யாருக்கும் கேட்காது. முதலில் சத்தமே இல்லை. களிமண்ணில் கத்தி போகிற மாதிரி மெத்து மெத்தென்று போனது. இன்னும் போனது. இன்னும் போகிறதே என்று ராக்கு பெஞ்சை இறுக்கிப் பிடித்தாள். பெஞ்சைப் பிடித்திருந்த கையை பூமயில் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கர்ரென்றது.

கத்தி பாரில் உரசினால் கேட்கிற அதே சத்தம். மேலே மண்ணும் சேறும் எவ்வளவு கிடந்தாலும் கீழே கல் இருக்கிறது என்று கைக்குச் சொல்லுமே, அந்தச் சத்தம். ராக்குவின் கண்ணிலிருந்து நீர் காதோரமாக வழிந்தது. டாக்டரின் கை நின்றது.

“கேட்டுச்சா உங்களுக்கு?” என்றாள் ஜுனைதா.

வாய் நிறையப் பஞ்சோடு ராக்கு “ம்” என்றாள்.

பொடி குழைந்தது, குழி மூடியது, வாசலின் தடவின விரல் அழுத்திப் பிடித்தது. ஒடிந்துபோன விளிம்பையும் மருந்தாலேயே கட்டினார்கள். கடிக்கச் சொல்லி, தட்டுப்பட்ட இடத்தைச் சுரண்டிச் சமப்படுத்தினார்கள். குறுகுறுப்பு இல்லை.

“அந்தத் துணியை நான் எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்டாள் ராக்கு.

“எதுக்குக்கா?”

“எங்க அயித்தைக்குக் காட்டணும்.”

ஜுனைதா சிரித்துவிட்டு ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். மீனம்மாள் அதை வீட்டு வாசலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தலை எங்கன இருக்கு, வால் எங்கன இருக்கு?” என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்று சொன்னதை அவள் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. தனக்கு விழுந்தது மட்டும் நிஜப் பூச்சிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒரு சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு நாள் கழித்து வல்லம் பாரின் மேல் வந்து நின்றது. பூமயில் பழக்கத்தில் ராக்குவின் வலது கையைப் பிடித்து நாடாவை எடுத்தாள். ராக்கு கையை இழுத்துக்கொண்டாள். ஒரு நுனியை இடது கையில் பிடித்து, மறு நுனியை வலப்பக்கக் கடைவாயில் கடித்து இழுத்தாள். முடிச்சு இறுகியது. அடுத்த விரல். அதற்கடுத்த விரல்.

“வா மதினி” என்று சொல்லிவிட்டு முங்கினாள். எழுந்து ஆவென்று வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். காற்று வெறும் காற்றாக உள்ளே போனது. கையில் ஒரு பிடி பாசி இருந்தது.

பூமயில் இன்னும் இறங்கவில்லை. வல்லத்து ஓரத்தில் உட்கார்ந்து, மற்ற யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“ஏடி ராக்கு, அந்த டாக்டரம்மா அடுத்து வாரது எந்த ஞாயிறு?”

“ஏன் மதினி?”

பூமயில் கடலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து வாயைத் திறந்து, விரலால் இடப்பக்கம் காட்டினாள்.